கையெழுத்துக்கு முன் ஒரு குழு

நீலகிரியின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கிவரும் குந்திப்புழை ஆறு, பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு எனப்படும் அடர்ந்த மழைக்காட்டுக்குள் ஓடுகிறது. அதன் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது கேரள மின்வாரியத்தின் திட்டம். 1973இல் மத்திய திட்டக்குழு அதற்கு ஒப்புதல் கொடுத்தது. ஆற்றின் நீரளவு, அணையின் உயரம், செலவு, வருமானம் எல்லாம் கணக்குப் பார்க்கப்பட்டிருந்தன. நீரில் மூழ்கப்போகும் சுமார் 830 ஹெக்டேர் காட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற விதி அன்று எங்கும் இல்லை.

இன்று அந்த விதி இருக்கிறது. ஒரு சுரங்கமோ, அனல்மின் நிலையமோ, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடமோ வரவேண்டுமானால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவேண்டும். மாநில அளவில் அந்த அனுமதியில் கையெழுத்திடுவது மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். தமிழ்நாட்டில் அதன் அலுவலகம் சென்னை சைதாப்பேட்டையில், பனகல் மாளிகையில் இருக்கிறது. ஆணையத்தில் உட்காருவோர் மூன்றே பேர். அவர்களுக்கு முன்பாகக் கோப்பைப் பிரித்துப் படித்து, கேள்வி கேட்டு, ‘கொடுக்கலாம்’ அல்லது ‘கூடாது’ என்று எழுதுவது மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு. பெரிய திட்டங்களுக்கு மத்திய அமைச்சகமே கையெழுத்திடும். அங்கும் துறைவாரியாக நிபுணர் மதிப்பீட்டுக் குழுக்கள் உண்டு. இந்தக் குழுக்கள் ஒரே நாளில் ஒரு சட்டத்திலிருந்து வந்தவை அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று அவை உருப்பெற.

முதல் விதை 1972. அந்த ஆண்டு ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய மனிதச் சூழல் மாநாட்டில் பிரதமர் இந்திரா காந்தி பேசினார். அதே ஆண்டு இந்தியாவில் அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் தேசிய சுற்றுச்சூழல் திட்டமிடல், ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. திட்டக்குழுவில் நீண்டகாலம் பணியாற்றிய பீதாம்பர் பந்த் அதன் தலைவர். அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அந்தக் குழு ஆலோசனை சொல்லலாம். அதற்குமேல் அதற்கு அதிகாரம் இல்லை.

அந்த ஆலோசனைக் குழுதான் 1976இல் மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்று ஒரு பணிக்குழுவை நியமித்தது. அதற்குத் தலைவர் பறவையியலாளர் ஜாபர் ஃபுதேஹல்லி. அமைதிப் பள்ளத்தாக்குத் திட்டம் அவர்கள் மேசைக்கு வந்தது. பார்த்துவிட்டு, திட்டத்தைக் கைவிடவேண்டும் என்று எழுதினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைவிட முடியாத நிலை வந்தால் பின்பற்றவேண்டியவை என்று 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதினார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பின்சேர்க்கைதான். கேரள அரசு முதல் பரிந்துரையை விட்டுவிட்டு நிபந்தனைகளை எடுத்துக்கொண்டது. பதினேழையும் நிறைவேற்றுகிறோம், அணையைக் கட்ட விடுங்கள் என்றது. பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றவேண்டும் என்ற கட்டளையோடு 1978இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இசைவு தந்தார். அடுத்த ஆண்டு கேரளம் சட்டமும் போட்டது. ‘வேண்டாம்’ என்ற ஒரு குழுவின் அறிக்கையே அணைக்கு அனுமதிச்சீட்டாக மாறிப்போனது. நிபுணர் குழுக்களின் பலவீனம் முழுவதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. நல்ல மனத்தோடு எழுதும் நிபந்தனை, மறுப்பை விழுங்கிவிடும்.

பிறகு நடந்தது வேறு கதை. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் களத்தில் இறங்கியது. அந்த இயக்கத்தின் சார்பில் ஐவர் சேர்ந்து 1979இல் ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். தாவரவியலாளர் எம்.கே. பிரசாத், அணுப் பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன், மின்பொறியாளர் வி.கே. தாமோதரன், வேளாண் அறிவியலாளர் கே.என். சியாமசுந்தரன் நாயர், பொருளாதார அறிஞர் கே.பி. கண்ணன். காடு அழியும் என்று மட்டும் சொல்லி அவர்கள் நிறுத்தவில்லை. வடகேரளத்துக்கு மின்சாரம் வேறு வழியில் கிடைக்குமா, இந்த அணையால் வேலைவாய்ப்பு உண்மையில் பெருகுமா என்றும் கணக்குப் போட்டார்கள். மின்வாரியத்தின் மொழியிலேயே மின்வாரியத்துக்குப் பதில் சொன்னார்கள். எந்த அரசும் நியமிக்காத குழு அது. பல துறையினர் ஒரே திட்டத்தை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியவரும் என்பதை நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான்.

அதே 1979இல் மத்திய வேளாண் துறைச் செயலர் அமைதிப் பள்ளத்தாக்குக்கு வந்து பார்த்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்ட அவர், அணை வேண்டாம் என்றார். அமைதிப் பள்ளத்தாக்கோடு அட்டப்பாடி, புதிய அமரம்பலம், தமிழ்நாட்டின் குந்தா ஆகிய காடுகளையும் சேர்த்து சுமார் 390 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகமாக்கலாம் என்று பரிந்துரைத்தார். மாநில எல்லை காட்டுக்குக் கிடையாது என்பதை ஓர் அரசுச் செயலர் கோப்பிலேயே எழுதியது அன்றைக்குப் பெரிய விஷயம்.

கடைசியில் இந்திரா காந்தி மத்திய, மாநிலக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன். உறுப்பினர்களில் மாதவ் காட்கிலும் ஒருவர். அந்தக் குழுவின் ஆய்வுக்குப் பிறகு 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரே காட்டைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாக இத்தனை பேர் பார்த்து எழுதவேண்டியிருந்தது. ஒவ்வொரு காட்டுக்கும் இப்படி விஞ்ஞானிகளும் பிரதமரும் வந்து நிற்கமாட்டார்கள். ஆகவே இந்தக் கேள்வி கேட்கும் வேலையை வழக்கமான அரசு நடைமுறை ஆக்கவேண்டியிருந்தது.

நடைமுறையின் முதல் படி ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. ஃபுதேஹல்லி குழு வேலை செய்துகொண்டிருந்த 1976-77இலேயே, ஆற்றுப்பள்ளத்தாக்குத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் கோணத்திலும் பார்த்துச் சொல்லும்படி திட்டக்குழு அறிவியல் தொழில்நுட்பத் துறையைக் கேட்டுக்கொண்டது. இந்தியாவில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தொடங்கியது இந்தக் கோரிக்கையில்தான். 1980இல் என்.டி. திவாரி தலைமையில் ஒரு குழு கூடி, சுற்றுச்சூழலுக்குத் தனித்துறை வேண்டும் என்றது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி துறை பிறந்தது. 1985இல் அது அமைச்சகமாயிற்று. அணை, சுரங்கம், அனல்மின் நிலையம், ஆலை என்று வகை பிரித்து மதிப்பீட்டுக் குழுக்கள் உட்கார்ந்தன.

ஆனால் அவை சொன்னதைக் கேட்கவேண்டும் என்று சட்டம் இல்லை. அதன் விளைவை நர்மதையில் பார்த்தோம். சர்தார் சரோவர் அணைக்கு 1987 ஜூனில் சுற்றுச்சூழல் அனுமதி வந்தபோது, நீர்ப்பிடிப்புப் பகுதி, மறுவாழ்வு உள்ளிட்ட முக்கிய ஆய்வுகள் முடிந்திருக்கவில்லை. கட்டுமானமும் நடக்கட்டும், ஆய்வும் கூடவே நடக்கட்டும் என்பது ஏற்பாடு. குந்திப்புழையில் பதினேழு நிபந்தனைகள் திறக்கப்பார்த்த கதவு, நர்மதையில் திறந்தே விட்டது.

சட்டம் வந்தது ஒரு பேரழிவின் பின்னால். 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அதன் 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, மத்திய அரசு தனக்குள்ள அதிகாரங்களைச் செலுத்த ஆணையங்களை அமைக்கலாம் என்கிறது. பத்தாண்டு அந்த உட்பிரிவு ஏட்டளவிலேயே கிடந்தது. அதை எழுப்பிவிட்ட வழக்குகளில் இரண்டு நம் மண்ணிலிருந்து போனவை. பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு நாசமாக்கியதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை காலம் இந்தப் பிரிவின்கீழ் ஆணையம் அமைக்காதது வருந்தத்தக்கது என்று சொல்லி, உடனே ஒன்றை அமைக்க உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில், கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கிலும் அதே பிரிவின்கீழ் ஆணையம் அமைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. இன்று இருக்கும் மாநில ஆணையங்களும் இந்த உட்பிரிவின் பிள்ளைகள்தான்.

இதற்கிடையே 1994 ஜனவரி 27 அன்று மத்திய அரசு தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை வெளியிட்டது. பதினேழு ஆண்டுகளாக வழக்கமாக மட்டும் இருந்தது, அன்றுமுதல் கட்டாயம் ஆயிற்று. நிபுணர் குழுவில் யார் யார் இருக்கவேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. சூழலியல், நீர்வளம், காற்று மற்றும் நீர் மாசு, தாவர விலங்குப் பாதுகாப்பு, நிலப் பயன்பாடு, சுற்றுச்சூழல் நலவாழ்வு, சமூக அறிவியலும் மறுவாழ்வும், கூடவே தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகள். பரிஷத்தின் ஐவர் ஒரு மேசையில் செய்ததை அரசே இங்கே விதியாக எழுதியது போல எனக்குத் தோன்றுகிறது. 1997 ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் சேர்ந்தது. கிணறு வற்றும் என்று சொல்லும் விவசாயியின் பேச்சு, முதல்முறையாக நிபுணரின் கோப்புக்குள் ஆவணமாக நுழைந்தது.

அடுத்த திருப்பம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. முதலீட்டு அனுமதிகளில் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த கோவிந்தராஜன் குழு, 2002இல் தாமதத்துக்குப் பெரிய காரணம் சுற்றுச்சூழல் அனுமதிதான் என்றது. அதன்பின் நடைமுறை முழுவதும் மாற்றி எழுதப்பட்டு, 2006 செப்டம்பர் 14 அன்று புதிய அறிவிக்கை வந்தது. இன்று நாம் பார்க்கும் மாநில ஆணையமும் மாநிலக் குழுவும் பிறந்தது இதில்தான். பெரிய திட்டங்கள் ‘ஏ’ வகை, மற்றவை ‘பி’ வகை. ‘பி’யிலும் பி1, பி2 என்று பிரிவு. பி2 என்றால் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கிடையாது, கருத்துக் கேட்பும் கிடையாது.

குழுவின் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதன் பலம் அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் விண்ணப்பித்ததும், அறிக்கையில் எதையெல்லாம் ஆராயவேண்டும் என்று ஆய்வு வரையறையைத் தீர்மானிப்பது குழு. எந்தக் கேள்வி கேட்கப்படவேண்டும் என்பதை முடிவு செய்யும் இந்த அதிகாரம், பதில் சரியா என்று பார்க்கும் அதிகாரத்தைவிடப் பெரியது. அறுபது நாளுக்குள் அந்த வரையறை போகாவிட்டால், விண்ணப்பதாரர் தானே எழுதித் தந்ததே வரையறை ஆகிவிடும் என்றது 2006 அறிவிக்கை. அறிக்கையும் கருத்துக் கேட்பும் முடிந்து வந்தபின் மறுபடி அறுபது நாளுக்குள் குழு மதிப்பிடவேண்டும். பிறகு ஆணையத்துக்கு நாற்பத்தைந்து நாள். குழுவின் பரிந்துரையை ஆணையம் வழக்கமாக ஏற்கவேண்டும். உடன்பாடில்லை என்றால் காரணம் எழுதி, மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பவேண்டும். குழு மீண்டும் கருத்துச் சொன்னபின்புதான் ஆணையம் இறுதி முடிவு எடுக்கலாம். குழுவைச் சுற்றிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வழியில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்.

இழந்ததும் உண்டு. 1994 அட்டவணையிலிருந்த தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகளும், சமூக அறிவியலும் மறுவாழ்வும் 2006 பட்டியலில் இல்லை. ஊரைக் காலிசெய்யும் ஒரு திட்டத்தை, ஊரைப் படித்தவர் ஒருவரும் இல்லாமல் மதிப்பிடலாம் என்று ஆகிவிட்டது. இதை நான் அறிவிக்கையின் மிகப்பெரிய குறையாகக் கருதுகிறேன். இன்னொரு குறை பிறவியிலேயே வந்தது. குழு படிக்கும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் தருவது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கை அப்படியே இடம்பெற்றிருந்தது வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது.

குழுக்களை நீதிமன்றங்கள் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் இந்தக் கட்டத்தில்தான். கோவாச் சுரங்க வழக்கு ஒன்றில் 2009 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. சுரங்கங்களுக்கான மத்தியக் குழுவின் தலைவரே நான்கு சுரங்க நிறுவனங்களில் இயக்குநராக இருந்ததை அது சுட்டிக்காட்டியது. மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் குழு எப்படிப் பரிசீலித்தது என்பதற்குக் கூட்டக் குறிப்பிலேயே காரணம் இருக்கவேண்டும் என்றது. அவசர அவசரமாகப் பல திட்டங்களை ஒரே கூட்டத்தில் பார்த்துத்தள்ளுவதையும் கண்டித்தது.

2019 மார்ச் 29 அன்று கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மேட்டுநிலத்தில் 54,676 மரங்கள் இருந்தும் விண்ணப்பத்தில் உண்மை சொல்லப்படவில்லை, குழுவும் மனம் செலுத்திப் பார்க்கவில்லை என்று கூறி, அனுமதியை நிறுத்திவைத்துக் கோப்பைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. குழு மறுபடி கூடியது. கூடுதல் நிபந்தனைகளோடு மறுபடி பரிந்துரைத்தது. 2020 ஜனவரியில் தடை நீங்கியது. ஃபுதேஹல்லி குழுவின் பின்சேர்க்கையிலிருந்து மோபா வரை, நிபந்தனையே முடிவாகிவிடும் வழக்கம் மாறவில்லை. அந்த நிபந்தனைகளாவது நிறைவேறுகின்றனவா என்றால், இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2016ஆம் ஆண்டு 39ஆம் எண் அறிக்கை நம்பிக்கை தருவதாக இல்லை.

தமிழ்நாட்டுக் குழுவின் முன் வரும் கோப்புகளில் கல்குவாரிகளும் கிராவல் குவாரிகளும் நிறைய. இதற்குக் காரணம் தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்று அது சொன்னது. சிறு குவாரிதானே என்று விட்டால் ஓராற்றின் மணல் முழுவதும் துண்டு துண்டாகப் போய்விடும் என்பது நீதிமன்றத்தின் கவலை. சரியான கவலை. ஆனால் கோப்புகள் குவிந்ததும் 2016 ஜனவரியில் மத்திய அரசு அந்த வேலையை மாவட்ட ஆணையங்களிடம் இறக்கிவிட்டது. குத்தகைக்கு விடும் நிர்வாகத்தின் தலைவரான ஆட்சியரே அனுமதி ஆணையத்துக்கும் தலைவர். 2018 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாட்டை ஏற்கவில்லை. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவராக இருந்தால் நடுவில் குழு எதற்கு என்ற கேள்விக்கு அன்று சரியான விடை கிடைத்தது.

குழுவைக் கலைக்காமலே அதன் வேலையைச் சுருக்கவும் முடியும். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான துளையிடும் பணிகள் ‘ஏ’யிலிருந்து பி2 வகைக்கு மாற்றப்பட்டன. காவிரிப் படுகையில் கிணறு தோண்ட மக்களிடம் கருத்துக் கேட்கவேண்டியதில்லை என்றாயிற்று. 2022 ஜனவரியில் அமைச்சகம் மாநில ஆணையங்களுக்குத் தரவரிசை அறிவித்தது. எண்பது நாளுக்குள் அனுமதி கொடுத்தால் இரண்டு மதிப்பெண். களத்துக்குப் போய்ப் பார்த்த திட்டங்கள் குறைவாக இருந்தாலும் மதிப்பெண். காட்டைப் போய்ப் பார்த்த சுவாமிநாதனிலிருந்து தொடங்கிய ஒரு மரபில், போய்ப் பார்க்காமலிருப்பதற்கு மதிப்பெண் போட்டது பெரும் தவறு.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தக் குழுக்கள் தேவை என்றே சொல்வேன். ஐம்பது ஆண்டுகளில் அரசாங்கத்தின் முடிவுக்குள் அறிவும் ஊரின் குரலும் நுழைவதற்கு நாம் உண்டாக்கிய வாசல் இது ஒன்றுதான். சமூக அறிவியலாளருக்கும் உள்ளூர்ப் பிரதிநிதிக்கும் அங்கே மீண்டும் நாற்காலி போடவேண்டும். ஆலோசகரின் சம்பளம் நிறுவனத்தின் கையிலிருந்து விலகி, ஒரு பொதுநிதி வழியாகப் போகவேண்டும். ‘கூடாது’ என்று முடிவுக்கு வந்த குழு, அதற்குக் கீழே நிபந்தனை எழுதக்கூடாது.

உங்கள் பகுதியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்தால், கூட்டத்துக்குக் குறைந்தது முப்பது நாள் இருக்கும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இருக்கவேண்டும். போய்க் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஏரி, ஓடை, பள்ளிக்கூடம் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கொடுங்கள், பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. நீங்கள் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். குழுவின் கூட்டக் குறிப்புகள் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் வெளியாகின்றன. உங்கள் ஆட்சேபத்துக்குக் குழு என்ன பதில் எழுதியிருக்கிறது என்று அதில் தேடுங்கள். பதில் இல்லாமல் அனுமதி வந்திருந்தால், சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கும்.